வீட்டுக்கு ஓர் ஊருணி

கல்லணையில் மதகு திறந்தால் அந்த நீர் நம் பக்கம் வந்து சேர எத்தனை நாளாகும் என்பதை அறந்தாங்கிப் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் ஏறத்தாழ 148 கிலோமீட்டர் ஓடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து வயல்களையெல்லாம் நனைத்த பின்னரே நாகுடி, மும்பாலைப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. கடைமடை என்பது நமக்கு ஏட்டுச் சொல்லன்று. கால்வாய் வருவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே நம் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் வெட்டி, பெய்த மழையைத் தேக்கி வைத்தனர். எனவே நம் ஊர்களில் வருகிற நீர் ஒன்று. இருக்கிற நீர் மற்றொன்று.

இன்று நம் இல்லத்துத் தொலைக்காட்சியில் தோன்றும் காட்சிகளும் இவ்விரு நீரைப் போன்றவையே. வெளியிலிருந்து வருவனவும் உண்டு. வீட்டிலேயே தேக்கி வைக்கத்தக்கனவும் உண்டு. இவ்விரண்டு வேலைகளையும் ஒரே சிறு பெட்டி செய்யும் விந்தையைப் பற்றியே இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

முதலில் வருகிற நீரைப் பார்ப்போம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15 அன்று. அந்த ஒளிபரப்பு எட்டாத நம் தென்கடலோர ஊர்களில், 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனாவைக் கட்டிக் கடல் கடந்த படத்தைப் பிடித்தார்கள். காற்றடித்தால் ஒருவர் மாடியேறித் திருப்புவதும், கீழே இருப்பவர் "இப்போ தெரியுது, அப்படியே விடு!" என்று கூவுவதும் நம் பெற்றோர் வாயிலாக நாம் கேட்டு மகிழும் கதைகள். பிறகு கேபிள் வந்தது, தட்டு ஆன்டெனா வந்தது. 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் குடிசைகளிலும் ஒளிர்ந்தன. இத்தனை மாற்றங்களிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அனுப்புகிறவர் எங்கோ இருந்தார். நம் வீடு வாங்கிக்கொள்ளும் இடமாகவே இருந்தது.

(தொலைக்காட்சிக்கு ஒரு பாதுகாவலி உண்டென்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அசிசி நகரப் புனித கிளாரா நோயுற்றுக் கிடந்தபோது, தொலைவிலிருந்த கோவிலில் நடந்த கிறிஸ்துமஸ் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது வரலாறு. அதை எண்ணியே பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார்.)

இப்போது வந்திருப்பது ஸ்ட்ரீமிங் பெட்டி. உள்ளங்கையில் அடங்கும். ஒரு புறம் தொலைக்காட்சியோடு எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைகிறது, மறுபுறம் வைஃபை வழியாக இணையத்தோடு பேசுகிறது. ஸ்ட்ரீம் என்றால் ஓடை என்று பொருள், பெயர் பொருத்தமானதே. ஒரு திரைப்படம் முழுவதும் வந்து சேர்ந்தபின் நாம் அதைப் பார்ப்பதில்லை. சில வினாடி நீளமுள்ள துண்டுகளாக அது வருகிறது. நாம் ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில் பெட்டி அடுத்த சில துண்டுகளை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பார்த்து முடித்ததை எறிந்துவிடுகிறது. வரத்து குறைந்து, கையிருப்புத் துண்டும் தீர்ந்துபோனால் திரையில் வட்டம் சுழலத் தொடங்கும். மாலை ஏழு மணிக்குத் தெருவே பார்க்கும்போது வட்டம் சுழல்வதும், நள்ளிரவில் சுழலாமல் ஓடுவதும் ஏனென்று கடைமடைக்காரர்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

இந்த ஓடையில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். தெளிவான முழு எச்.டி. படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் தேவை எனக் கொள்வோம். ஒரு மணிக்கு 3,600 வினாடி. ஆக 18,000 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் ஆதலால் எட்டால் வகுக்க, 2,250 மெகாபைட். அதாவது மணிக்கு இரண்டேகால் ஜி.பி. நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரும் கைப்பேசித் திட்டத்தை நம்பியிருக்கும் வீட்டில் ஒரு மணி முடியும் முன்னரே அன்றைய படி தீர்ந்துவிடும். அதே படத்தை மறுநாள் பாட்டி கேட்டால், மீண்டும் அதே அளவு நீர் அத்தனை தூரத்திலிருந்தும் வந்தாக வேண்டும்; நேற்று வந்தது எங்கும் தேங்கி நிற்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சந்தா கட்டி நாம் பார்ப்பது வாடகைப் பொருள். அந்நிறுவனத்துக்கும் படத் தயாரிப்பாளருக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால், நேற்று இருந்த படம் இன்று பட்டியலில் இராது. சந்தா நின்றால் எல்லாமே நிற்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாடகை வீட்டின் இயல்பு அது. ஆயின் நம் வீட்டுக்கே உரிய காட்சிகள், அப்பா அம்மாவின் திருமணம், தம்பியின் ஞானஸ்நானம், அக்காவின் புதுநன்மை, தாத்தா பாடிய பாட்டு ஆகியவற்றை எந்த நிறுவனமும் நமக்கு வாடகைக்குத் தராது. அவற்றை நாம் வைத்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இங்கேதான் பெட்டியின் இரண்டாவது வேலை வருகிறது. அதன் பெயர் மீடியா சர்வர். சர்வர் என்றதும் நமக்கு ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிறவர் நினைவுக்கு வருவார். கணினி உலகிலும் அவர் வேலை அதுவே. கேட்பவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பது. ஒரு வன்தட்டில் நம் வீட்டுப் படங்கள், ஒலிப்பதிவுகள், ஒளிப்பதிவுகள் யாவற்றையும் இட்டு, அதைப் பெட்டியின் யு.எஸ்.பி. துளையில் செருகிவிட்டால், பெட்டி அவற்றை ஆராய்ந்து பெயர் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்கிப் பட்டியல் போடுகிறது. பின்பு கூடத்துத் தொலைக்காட்சி கேட்டாலும், அடுக்களையில் அம்மாவின் கைப்பேசி கேட்டாலும், மாடியில் அண்ணனின் கணினி கேட்டாலும் அவரவர்க்கு வேண்டியதைப் பரிமாறுகிறது. இதற்கு வெளி இணையம் தேவையில்லை. வீட்டிலுள்ள வைஃபை ரௌட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். தெருவில் கேபிள் அறுந்து கிடந்தாலும் வீட்டுக்குள் படம் ஓடும்.

இவ்விரு வேலைகளையும் ஒன்றாய்ச் செய்யும் பெட்டிகளுள் உலகில் பெயர் பெற்றது என்விடியா நிறுவனத்தின் ஷீல்டு. 2015-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் பிளெக்ஸ் என்னும் சர்வர் நிரல் அதில் இயங்கத் தொடங்கியது. இந்த நிரலின் பிறப்பு சுவையானது. எக்ஸ்பாக்ஸ் என்னும் விளையாட்டுக் கருவியில் படம் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்ட சில இளைஞர்கள் 2002-ல் தாமாகவே எழுதி, எவருக்கும் இலவசமாகத் தந்த நிரல் ஒன்று உண்டு. அது வளர்ந்து 2014-ல் கோடி என்று பெயர் மாற்றிக்கொண்டது. (நம் எண்ணிக்கைக் கோடி அன்று!) அதிலிருந்து 2008 வாக்கில் கிளைத்துப் பிரிந்ததே பிளெக்ஸ். விளையாட்டாய்த் தொடங்கியது என்பது இங்கே முழு உண்மை.

2019-ல் ஷீல்டு இரு வடிவங்களில் வந்தது. குழல் போன்ற சிறிய வடிவில் சர்வர் வேலை கிடையாது. புரோ என்னும் பெரிய வடிவில் மட்டுமே உண்டு. அந்தப் பெரிய வடிவிலும் உள்ளே இருக்கும் சேமிப்பிடம் 16 ஜி.பி.தான். ஆகவே வெளி வன்தட்டு இன்றியமையாதது. பெயரைப் பார்த்துப் பொருள் வாங்கக்கூடாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

சர்வர் செய்யும் வேலைகளுள் மிகக் கடினமானது ஒன்று உண்டு. நம் வீட்டில் ஒரே பானையில் சோறு வடிக்கிறோம். அப்பாவுக்கு அப்படியே பரிமாறுகிறோம். பல்லில்லாத தாத்தாவுக்குக் குழைய மசித்துத் தருகிறோம். காய்ச்சலில் கிடக்கும் தங்கைக்கோ கஞ்சியாக்கித் தருகிறோம். அதுபோல, வன்தட்டில் உள்ள ஒரு பெரிய படத்தைப் புதிய தொலைக்காட்சி அப்படியே ஏற்கும். பழைய கைப்பேசிக்கு அந்த வடிவம் புரியாது. அப்போது சர்வர் படத்தை அவிழ்த்து, சிறிதாக்கி, கைப்பேசிக்குப் புரியும் வடிவில் மீண்டும் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அனுப்ப வேண்டும். இதற்கு டிரான்ஸ்கோடிங் என்று பெயர். வினாடிக்கு 25 படங்கள். ஒவ்வொன்றையும் அவிழ்த்துக் கட்ட வேண்டுமென்றால் எத்தனை உழைப்பு! ஷீல்டு பெட்டியில் இதற்கென்றே தனிச் சில்லுப் பகுதி இருப்பதால்தான் அது சர்வராகத் தாக்குப்பிடிக்கிறது. மலிவான பெட்டிகள் இந்த இடத்தில் மூச்சு வாங்கும். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் புரியும் எச்.264 வடிவிலேயே தொடக்கத்தில் சேமித்துவிட்டால் மசிக்கும் வேலையே இல்லை. எளிய பெட்டியும் பரிமாறிவிடும்.

"வெளிநாட்டுப் பெட்டிக்கு நாங்கள் எங்கே போவது?" எனப் பெற்றோர் கேட்பது நம் காதில் விழுகிறது. அவர்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் டூ பயின்ற அக்காமார் எத்தனையோ பேர் மடிக்கணினி பெற்றார்கள். படிப்பு முடிந்து, திருமணமும் ஆகி அவர்கள் சென்றுவிட, கணினி துணிக்கடைப் பையில் உறங்குகிறது. அது ஒரு சர்வர் ஆகலாம். 2018 டிசம்பரில் தோன்றிய ஜெல்லிஃபின் என்னும் நிரல் முற்றிலும் இலவசம். கணக்குத் தொடங்கவோ எவரிடமும் பெயர் கொடுக்கவோ தேவையில்லை. அதை மடிக்கணினியில் நிறுவி, தொலைக்காட்சியிலோ அதனோடு சேர்ந்த சிறு பெட்டியிலோ அதே பெயருள்ள செயலியை இட்டால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பழைய கணினியால் மசிக்க இயலாது, பரிமாற இயலும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றுவித்துவிட வேண்டும். அதில் விளையாட்டு வேண்டாம்.

மின்கட்டணம் பற்றி அஞ்சுவோருக்கு ஒரு கணக்கு. 10 வாட் எடுக்கும் பெட்டி இரவும் பகலும் ஓடினால் நாளுக்கு 240 வாட்-மணி, அதாவது கால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 14 யூனிட். பழைய 40 வாட் குழல்விளக்கு நாளுக்கு ஆறு மணி எரிந்தால் ஆகும் செலவும் இதுவே.

இனி, இதில் எதை வைப்பது? நம் பகுதியில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் உழைக்கும் உறவினர் இல்லாத தெரு அரிது. தொலைபேசி எளிதில் கிடைக்காத 1980-களில் அவர்களுள் பலர் கடிதத்துக்குப் பதில் ஒலிநாடாவில் பேசி அனுப்பினார்கள். ஊரிலிருந்தும் பிள்ளைகளின் மழலையைப் பதிந்து அனுப்பினார்கள். அந்த நாடாக்கள் இன்னும் சில வீடுகளில் பிஸ்கட் டப்பாக்களில் கிடக்கின்றன. பிறகு வீடியோ கேசட் வந்தது. அதன் பிறகு திருமண வி.சி.டி. ஒரு வி.சி.டி.யில் 74 நிமிடம் அடங்கும் என்பதால் முகூர்த்தம் ஒரு தட்டிலும் பந்தி ஒரு தட்டிலுமாகப் பிரிந்து கிடக்கும். இவை எவையும் அழியாப் பொருள்கள் அல்ல. நாடாவில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் எழுதப்பட்ட குறுந்தட்டின் சாயப்பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் மங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டியபோது, ஓடும் கீற்றும் பறந்த வீடுகளில் நெல்லைக் காப்பதா, ஆல்பத்தைக் காப்பதா? பல ஊர்களில் மின்சாரம் திரும்பவே நாட்கணக்கில் ஆயிற்று. நனைந்த புகைப்படங்களை வெயிலில் உலர்த்த முயன்றவர்களுக்குத் தெரியும், ஒன்றோடொன்று ஒட்டிய படங்களைப் பிரித்தால் முகங்களும் உரிந்து வந்துவிடும் என்பது.

ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுவது கடினமன்று. டேப் ரிக்கார்டரின் காதொலிப்பான் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச நிரலில் பதியலாம். அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. வி.சி.டி. எளிது. தட்டுக்குள் 'ஏவிசெக்' எனத் தொடங்கும் கோப்பை நகலெடுத்து, அதன் ஈற்றை எம்.பி.ஜி. என மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். மூன்று தட்டுத் திருமணம் ஏறத்தாழ 2 ஜி.பி. 1 டி.பி. வன்தட்டில் 500 திருமணங்கள் அடங்கும் எனில், சம்பந்தி வீட்டார் உட்பட நம் உறவு முழுவதையும் வைத்துவிடலாம்.

திரையரங்கில் களவாக எடுத்த புதுப்படங்களை இதில் நிரப்பும் வழக்கமும் உண்டு. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம் திரையரங்கில் படத்தைக் களவாகப் பதிவோர்க்கும் பரப்புவோர்க்கும் குறைந்தது மூன்று மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வீட்டு ஊருணியில் பிறர் வயல் நீரைத் திருடித் தேக்குவது நமக்கு அழகுமன்று.

சில எச்சரிக்கைகள் உள. அவற்றுள் பெரியது, வன்தட்டு சாகும் என்பதே. சுழலும் இயந்திரம் எதுவும் என்றைக்காவது நிற்கும், முன்னறிவிப்பும் தராது. ஆகவே ஒரு பிரதி வைத்திருப்பவர் ஒன்றும் வைத்திராதவருக்குச் சமம் என்று இத்துறையினர் கருதுகின்றனர். மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் என்பது அவர்கள் பின்பற்றும் விதி. வேறோர் இடம் என்பதற்கு நாம் தேடி அலைய வேண்டாம். புதுக்கோட்டையிலோ திருச்சியிலோ சித்தி வீடு இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்குப் போகையில் வன்தட்டை எடுத்துச் சென்று புதுப்பிக்கலாம். நாடாவைக் கணினியில் ஏற்றியதும் அசலைக் குப்பையில் போடுவது நம் கருத்தில் அவசரம்.

அடுத்தது மலிவுப் பெட்டிகள். "எல்லாச் சானலும் வாழ்நாள் முழுவதும் இலவசம்" என்று விற்கப்படும் பெயரில்லாப் பெட்டிகளில் சில, விற்பனைக்கு வருமுன்பே கேடுநிரல் புகுத்தப்பட்டவை. அவற்றின் வழியாகக் களவுக்காரர்கள் வீட்டு வைஃபைக்குள் நுழைவது பற்றி அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொது எச்சரிக்கை விடுத்தது. குடும்பப் படங்கள் யாவும் இருக்கும் இடத்தில் அத்தகைய பெட்டியை வைப்பது, கோழிக்கூண்டுக்குக் கீரியைக் காவல் வைப்பதாகும்.

துபாயில் இருக்கும் அப்பாவும் அங்கிருந்தே இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியுமா? முடியும். ஆனால் அதற்கு வீட்டுக் கதவை இணையத்தின் பக்கம் சற்றுத் திறந்து வைக்க வேண்டும்; வலுவான கடவுச்சொல்லும் விவரம் தெரிந்த ஒருவரின் உதவியும் வேண்டும். பிளெக்ஸ் வழியாகச் செய்வது எளிது. ஆயினும் வெளியிலிருந்து நம் சொந்தப் படத்தைப் பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் 29 முதல் அந்நிறுவனம் கட்டணம் விதித்துவிட்டது.  அதே நிறுவனத்தின் பயனாளர் விவரங்கள் 2022 ஆகஸ்டில் களவு போனதும் நினைவிருக்க வேண்டும். நம்மைக் கேட்டால், முதல் ஓராண்டு வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்திப் பழகிக்கொண்டு, அப்பாவுக்கு அவர் விடுமுறையில் வரும்போது ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பதே நன்று என்போம்.

தொடங்க விரும்பும் தோழியர் ஒலிநாடாவிலிருந்து தொடங்கவும். குறுந்தட்டு இன்னும் சில ஆண்டு பொறுக்கும். நாடாவை ஓட்டும் டேப் ரிக்கார்டர் பொறுக்காது. அதன் ரப்பர் வார் இளகிவிட்டால் மாற்று வார் கிடைப்பதும், மாற்றித் தருபவர் கிடைப்பதும் அரிதாகி வருகின்றன. கோப்புக்குப் பெயரிடுகையில் ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எண்களை முதலில் எழுதினால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அருகில் அதே பெயரில் ஓர் எழுத்துக் கோப்பு வைத்து, யார் பேசுகிறார், யார் வீட்டுத் திருமணம், வாசலில் நிற்பவர் எந்த ஊர் மாமா என்று பாட்டியைக் கேட்டு எழுதவும். ஒரு பக்கத் தமிழுக்கு 5 கிலோபைட் போதும். பாட்டிக்குப் பெயர் நினைவு வராத இடங்களில் ஒரு கேள்விக்குறி இட்டு, அடுத்த ஞாயிறு பூசைக்குப்பின் பெரியபாட்டியிடம் கேட்கலாம்.